ஒரு வயல், நான்கு படங்கள்

நம் மேசைமேல் நான்கு படங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே வயலின் படங்கள் என்று சொல்லி நம்மிடம் கொடுக்கப்பட்டவை. வரும் ஆண்டின் பங்கு நாட்காட்டிக்கு அட்டைப்படம் ஒன்று வேண்டுமென்று பங்கு இளைஞர்களிடம் கேட்டிருந்தோம். அவர்களுள் ஒருவர், திருநெல்வேலி டவுணுக்கு மேற்கே நெல்லைக் கால்வாயின் கரையில் நின்று ஒரு நிழற்படம் எடுத்து வந்தார். அப்படத்தை மற்ற மூவர் கணினியிலும் கைப்பேசியிலும் ஏற்றி, தத்தம் விருப்பப்படி திருத்தி, ஆளுக்கொரு வடிவமாகக் கொண்டுவந்து வைத்தனர். "எது நல்லா இருக்கு, சாமி? நீங்களே சொல்லுங்க" என்றனர்.

உடனே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் பார்க்கப் பார்க்க, அழகைப் பற்றிய கேள்வி மெல்ல மெல்ல உண்மையைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்தே விடை கூற முடிந்தது. நாட்காட்டிப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நம் மறையுரையை இறைமக்கள் வாரத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம் கேட்கிறார்கள். அதையும் எல்லாரும் விழித்திருந்து கேட்கிறார்கள் என்று உறுதி கூற இயலாது. நாட்காட்டியையோ, திருவிழா நாள் பார்க்கவும் பால் கணக்குக் குறிக்கவும் ஆண்டு முழுவதும் நாள்தோறும் பார்க்கிறார்கள். சுவரில் தொங்கும் படம் ஓசையின்றிப் போதிக்கிறது. அது எதைப் போதிக்கிறது என்று கவனிப்பதும் மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியே.

மூலப்படம்

மூலப்படம் திருவருகைக் காலத்தின் ஒரு காலைப்பொழுதில் எடுக்கப்பட்டது. பிசான நடவு முடிந்து சில வாரங்களே ஆன வயல். படம் எடுத்தவர் மேற்கு நோக்கி நிற்கிறார். கதிரவன் அவருடைய முதுகுப்புறம். ஆகவே நிழல்கள் யாவும் மேற்கே, மலையை நோக்கி நீண்டு கிடக்கின்றன. வானம், பலமுறை துவைத்த வேட்டியைப் போல வெளுத்திருக்கிறது. தொலைவில் பொதிகை மலைத்தொடர் பனிமூட்டத்துக்குள் மங்கிய நீலக் கோடாக மட்டும் தெரிகிறது. பயிர் வரிசைகளுக்கு இடையே தேங்கிய நீரில் அந்த வெளுத்த வானமே விழுந்து கிடக்கிறது. வலப்பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் செல்கின்றன. வரப்பின்மேல் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடமும் ஒரு தூக்குவாளியும் இருக்கின்றன. முன்புறத்தில் கால்வாயின் ஓரம் தெரிகிறது. அங்கே ஆகாயத்தாமரையும் பாலித்தீன் பைகளும் உடைந்த தெர்மாகோல் துண்டும் ஒன்றோடொன்று பிணைந்து ஒதுங்கியிருக்கின்றன.

நடுவில் மூன்று பெண்கள் களை பறிக்கிறார்கள். சேலைக்குமேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை அணிந்திருக்கிறார்கள். இருவர் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, படம் எடுப்பவரைப் பார்க்கிறார்.

கலை நோக்கில் இப்படத்துக்குக் குறைகள் உண்டு. அடிவானம் சற்றே சாய்ந்திருக்கிறது. முன்புறம் தேவைக்கு மேல் இடம் பிடித்திருக்கிறது. மலைக்குத் தெளிவில்லை. எனினும் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெண்ணால் படம் உயிர் பெறுகிறது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. குனிந்த முதுகு ஒரு கணம் நிமிரும்போது உண்டாகும் ஆறுதல் மட்டும் இருக்கிறது. வயல் கண்ணுக்குக் காட்சியாகும் முன்னரே கைக்கு வேலைத்தலமாக இருந்தது என்பதை அவர் நிற்கும் நிலை சொல்லிவிடுகிறது.

மாற்றப்பட்ட வானம்

முதல் திருத்தத்தில் வானம் மாற்றப்பட்டிருக்கிறது. சிவப்பும் ஊதாவும் கலந்த அந்தி மேகங்கள். மலைக்குமேல் பாதி இறங்கிய கதிரவன். முதற்பார்வையில் கண்ணைப் பறிக்கிறது. இரண்டாம் பார்வையில் குழப்பம் தொடங்குகிறது. கதிரவன் மேற்கே இருந்தால் நிழல்கள் கிழக்கே, பார்ப்பவரை நோக்கி விழவேண்டும். இங்கோ அவை கதிரவனை நோக்கியே ஓடுகின்றன. வயல்நீரிலும் சிவப்பு இல்லை; அங்கே காலையின் வெளுத்த வானமே கிடக்கிறது. மேலே மாலை, கீழே காலை. திருத்தியவர் வானத்தை மாற்றினார். நிலம் அதற்கு உடன்பட மறுத்துவிட்டது.

இவ்விளைஞரை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. நம் நாட்டு வானத்துக்கு மேகம் வரைந்து சேர்க்கும் வழக்கம், நிழற்படக்கலை இங்கு வந்த தொடக்கக் காலத்திலேயே உண்டு. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 இறுதியில் புறப்பட்டு, 1858இல் சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகட்டிவ். அக்காலத்து வேதிப்பொருள்கள் நீல ஒளியை மிகையாக உள்வாங்கியதால், நிலமும் கட்டடமும் செம்மையாகப் பதிவதற்குள் வானம் வெறுமையாக வெளுத்துப் போகும். அக்குறையைப் போக்க டிரைப் நெகட்டிவின்மீதே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைத்திரளையும் சில இடங்களில் தூரிகையால் நிரப்பினார். 1858இன் தமிழக வானம் என்று நாம் அப்படங்களில் காண்பதில் ஒரு பகுதி அவருடைய கைவண்ணம்.

அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கல்வெட்டைப் படிக்க விரும்புவோருக்கு வேண்டியது எழுத்து, மேகம் அன்று. ஆக, அந்த ஒருவரிடமே ஓவியரும் சாட்சியும் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றனர். வானத்தில் அவர் வரைந்தது தம் கருவியின் இயலாமையை ஈடுசெய்யவே. நம் இளைஞரின் கருவிக்கு அத்தகைய இயலாமை ஏதும் இல்லை. அன்றைய வானம் வெளுத்தே இருந்தது. கருவியும் அதை வெளுத்ததாகவே பதிந்து தந்தது. கருவியின் குறையை நிரப்புவதும் கண் கண்டதை மறுப்பதும் வெவ்வேறு செயல்கள்.

நீக்கப்பட்ட மூவர்

இரண்டாம் திருத்தம் எதையும் சேர்க்கவில்லை, நீக்கியிருக்கிறது. மின்கம்பங்கள், குடம், தூக்குவாளி, பாலித்தீன் பைகள் எல்லாம் போய்விட்டன. அவற்றோடு அந்த மூன்று பெண்களும் போய்விட்டனர். அவர்கள் நின்ற இடத்தில் பக்கத்துப் பயிரே படியெடுத்து நிரப்பப்பட்டிருக்கிறது. வேலை மிக நேர்த்தி. ஒரு கம்பத்தின் நிழல் மட்டும் எப்படியோ தப்பி வரப்பின்மேல் கிடக்கிறது.

ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டோம். "அந்தச் சட்டையும் குடமும் அழகைக் கெடுக்குது, சாமி. வயல் மட்டும் இருந்தா அமைதியா இருக்கும்லா" என்றார் அத்தம்பி. அவரிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. அதுவே நம்மை அதிகமாகக் கவலைகொள்ளச் செய்தது. உழைக்கும் மனிதர் இல்லாவிட்டால்தான் நிலம் அழகு என்னும் எண்ணம், தீமை செய்ய விரும்பாத உள்ளத்துக்குள்ளும் எவ்வளவு இயல்பாகக் குடியேறியிருக்கிறது!

புகழ்பெற்றவர்களும் இத்தவற்றுக்கு விலக்கல்லர். இந்தியாவையும் தெற்காசியாவையும் பல்லாண்டு படமெடுத்து உலகப் புகழ் பெற்ற ஸ்டீவ் மெக்கரியின் கியூபா நாட்டுப் படம் ஒன்றில், தெருவோரக் கம்பம் ஒன்று இடம் பெயர்ந்து ஒட்டப்பட்டிருப்பதை 2016இல் இத்தாலியக் கண்காட்சிக்கு வந்த ஒருவர் கவனித்தார். அதன்பின் அவருடைய பழைய படங்களைப் பலர் ஒப்பிட்டுப் பார்த்தனர். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் எடுக்கப்பட்ட படங்கள் சிலவற்றில் மனிதர்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கியூபப் படத்தின் பிழைக்குத் தம் கூடத்துப் பணியாளரே காரணம் என்று அவர் விளக்கினார். தம்மைச் செய்தியாளராகக் கருதாமல், காட்சியால் கதை சொல்பவராகக் கருதவேண்டும் என்றும் கூறினார். கதை சொல்பவருக்கு அவ்வுரிமை உண்டு என்றே கொள்வோம். ஆனால் கதையிலிருந்து எடுத்தெறியப்பட்டவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

நம் படத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை தானே வந்து சேர்ந்தது. நிமிர்ந்து நின்ற அந்தப் பெண், வேறொரு காரியமாக அந்த வாரம் பங்கு இல்லத்துக்கு வந்தார். மேசைமேல் இருந்த மூலப்படத்தில் தம்மை அடையாளம் கண்டு சிரித்தார். பிறகு இரண்டாம் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இதுல எங்களக் காணலயே, சாமி. அப்ப களைய யாரு பறிச்சா?" என்றார்.

நாம் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த திறனாய்வு அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. அந்தப் படத்தில் களையும் இல்லை, களை பறித்தவரும் இல்லை. தானே விளைந்து தானே தூய்மையாக இருக்கும் வயல் அது. அப்படியொரு வயலை நாள்தோறும் பார்த்து வளரும் குழந்தை, சோற்றுப் பருக்கைக்கும் ஒரு பெண்ணின் முதுகுவலிக்கும் இடையே உள்ள உறவை எங்ஙனம் அறியும்? கொக்கிரகுளத்தின் ஆற்றங்கரையை அந்திவேளையில் படமெடுத்து மகிழ்கிறோம். 1999 ஜூலை 23 அன்று அங்கேதான், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கச் சென்ற ஊர்வலத்தின்மீது தடியடி நடந்து, 17 பேர் ஆற்றில் உயிரிழந்தனர். அழகிய ஆற்றின் படத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. நிலக்காட்சியிலிருந்து முதலில் அகற்றப்படுபவர் எப்போதும் கூலிக்கு உழைப்பவரே.

நெருங்கி வந்த மலை

மூன்றாம் திருத்தம் மற்ற இரண்டையும் விஞ்சியது. பொதிகை மலை பன்மடங்கு பெரிதாகி வயலின் ஓரத்துக்கே வந்துவிட்டது. பாபநாசத்தில் நிற்பவர் காணும் மலை அது. டவுணில் நிற்பவர் காண்பதன்று. இளம்பயிர் முற்றிய பொற்கதிராக மாறியிருக்கிறது. அந்தக் கதிர்களுக்கு நடுவே பெண்கள் இன்னும் குனிந்து களை பறித்துக்கொண்டிருக்கிறார்கள்! கார், பிசானம் என்னும் இரு போகத்தையும் அறிந்த எவரும் இதைக் கண்டு சிரிப்பர். வானத்தில் ஏழு கொக்குகள் பறக்கின்றன. உற்று நோக்கினால் ஏழும் ஒரே கொக்கு. சிலவற்றில் மட்டும் வலம் இடமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் போதாவென்று, வயலின் கோடியில் தென்னைகளுக்கு நடுவே நம் பங்கு ஆலயத்தின் கோபுரம் எழுந்து நிற்கிறது. அவ்விடத்தில் அப்படி ஓர் ஆலயம் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அக்கோபுரத்தைக் கண்டதும் முதலில் நம் உள்ளம் மகிழ்ந்தது. நமக்கு உவப்பானதைப் படம் சொல்லும்போது, சோதித்துப் பார்க்கும் வேலையைக் கண் நிறுத்திவிடுகிறது. பிறகுதான் யோசித்தோம். திருநெல்வேலி என்னும் பெயரே, உலரவைத்த நெல்லை மழை நனைக்காதபடி வேலியிட்டுக் காத்த இறைவனைப் பற்றிச் சைவ அன்பர்கள் போற்றும் தலவரலாற்றோடு இணைந்தது. பல சமயத்தார் உழைத்து, உண்டு, கலந்து வாழும் நிலம் இது. அதில் இல்லாத கோபுரம் ஒன்றை நட்டு, அச்சிட்டு, வீடுதோறும் மாட்டுவதற்குப் பக்தி என்று பெயரிட முடியாது.

பொருள்களை இடம்பெயர்க்கும் இவ்வேலைக்கு உலகறிந்த முன்னோடி உண்டு. 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ் 1982 பிப்ரவரி அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகளை வெளியிட்டது. அகலவாக்கில் எடுத்த படத்தை நெடுவாக்கு அட்டைக்குள் அடக்குவதற்காகப் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கிவைத்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அசையாத கற்கள் ஓர் அட்டையின் அளவுக்காக அசைந்தன. வாசகர்கள் கண்டித்தனர், அவ்விதழும் பின்னர் தன் தவற்றை ஏற்றுக்கொண்டது. அன்று அதற்குப் பெரும் பொருட்செலவில் வாங்கிய இயந்திரம் தேவைப்பட்டது. இன்று பள்ளி மாணவரின் கைப்பேசி போதும். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்நாளில் வயலும் தேவையில்லை, படம் எடுப்பவரும் தேவையில்லை. சொல்லைக் கொடுத்தால் காட்சி வந்துவிடுகிறது.

கவிஞரின் உரிமையும் சாட்சியின் கடமையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். கம்பர் தாம் காணாத கோசலத்தைத் தமிழ் மருதநிலமாகப் பாடவில்லையா? நம் வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் புனித வளனாரின் யூதேயா நாட்டை நெல்வயலும் நீர்வளமும் நிறைந்த தமிழ்நாடாகவே காட்டவில்லையா? அவர்களுக்குத் தந்த உரிமையை நம் இளைஞர்களுக்கு ஏன் மறுக்கவேண்டும்?

மறுக்கவில்லை. கவிஞர் தொடக்கத்திலேயே தம்மைக் கவிஞர் என்று அறிவித்துக்கொள்கிறார். யூதேயாவில் உழவு செய்ய நினைத்து எவரும் தேம்பாவணியைப் புரட்டுவதில்லை. அந்நாடு நம் மனத்துக்கு அண்மையதாக வேண்டும் என்பதே அங்கு நோக்கம். படிப்பவரும் அதை அறிவார். நிழற்படமோ வேறொரு வாக்குறுதியோடு நம்மிடம் வருகிறது. 'ஒருவர் இவ்விடத்தில் நின்றார். இது அவர்முன் இருந்தது' என்பதே அதன் வாக்குறுதி. அந்த நம்பிக்கையைக் கடனாகப் பெற்றுக்கொண்டு கற்பனையை விற்பதே இங்கு நேரும் பிழை. திருத்திய படத்தின் அடியில் 'இது கற்பனைக் காட்சி' என்று எழுதிவிட்டால் நம் கண்டனத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இன்னும் நுட்பமான மறுப்பு ஒன்று உண்டு. மூலப்படமும் ஒரு தேர்வுதானே? படம் எடுத்தவர் மேற்கே திரும்பினார். கிழக்கே இருந்த டவுணையும் கடைவீதியையும் பேருந்து இரைச்சலையும் அவரும் விட்டுவிட்டாரே? உண்மை. எந்தப் படமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஆனால் நான்கு நற்செய்திகளை நாம் வைத்திருப்பதும் அப்படித்தான். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் நான்கு இடங்களில் நின்று ஒரே ஆண்டவரைக் காட்டுகின்றனர். ஒருவர் விட்டதை மற்றவர் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கையும் கலந்து முரணில்லாத ஒரே வரலாறாகத் தொகுத்தார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வழங்கிற்று. ஆயினும் இறுதியில் திருச்சபை, ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாத நான்கையே வைத்துக்கொண்டது. நின்ற இடம் வேறுபடலாம். நின்று கண்டதை மாற்றலாகாது என்பதே அதன் பொருள். திருச்சபையின் தலைவராகப் போற்றப்பட்ட பேதுரு, ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த செய்தி நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. அதை அழிக்க எத்தனை நல்ல காரணங்கள் இருந்திருக்கும்! எந்த நற்செய்தியாளரும் அழிக்கவில்லை.

ஆறு கேட்பது

இது ஏட்டுச் சிக்கல் என்று எண்ணவேண்டாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் இப்பள்ளத்தாக்கின் வயல்களை ஊட்டுகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் நம் டவுணைத் தொட்டுச் செல்கிறது. அதன் ஓரத்தில் ஒதுங்கியிருந்த பாலித்தீன் பைகளைத்தான் இரண்டாம் திருத்தம் துடைத்துவிட்டது.

ஆற்றைக் காத்தவர்கள், அதை உள்ளபடி பார்த்தவர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு, மணல் கொள்ளையால் ஆறு குழிந்து போவதைக் கண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றார். 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள நீதிமன்றம் தடை விதித்தது. கழிவுநீர் கலப்பதைப் பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். தாளில் வந்ததோடு நிறைவடையாமல் கண்ணால் காண வந்தார்கள் என்பது நமக்கு ஒரு பாடம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெருவெள்ளம் வந்தபோது ஆறு தன் பழைய எல்லைகளையெல்லாம் நமக்கு நினைவூட்டிச் சென்றது. எல்லாம் அழகாக இருக்கும் படங்களை மட்டும் நாம் சேர்த்து வைத்தால், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் நம் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்: 'ஆறு இவ்வளவு நன்றாக இருந்ததே, பிறகு எப்படிக் கெட்டது?' கெட்டுக்கொண்டிருந்த காலத்துப் படத்தை நாமே துடைத்துவிட்டோம் என்று அவர்களுக்கு யார் சொல்வார்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' என்னும் திருமடலில், நிலத்தின் துயரத்தையும் ஏழையின் துயரத்தையும் பிரிக்கமுடியாத ஒன்றாகவே காட்டினார். இரண்டாம் திருத்தம் குப்பையையும் பெண்களையும் ஒரே கைவீச்சில் அகற்றியபோது, அறியாமலேயே அந்த உண்மைக்குச் சான்று பகர்ந்துவிட்டது.

மறையாத காயங்கள்

படைப்பு நல்லது என்று தொடக்கநூல் கூறுகிறது. அந்நன்மையை நாம் செயற்கையாக ஏற்றிவைக்க வேண்டியதில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் சீடரிடையே வந்தபோது அவர் உடல் ஒளிபெற்ற உடல். பூட்டிய கதவுகள் அதைத் தடுக்கவில்லை. ஆயினும் கைகளிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன. இறைவனின் வல்லமைக்கு அவற்றை மறைப்பது அரிதா? மறைத்திருந்தால் தோமா எதைக் கொண்டு அவரை அடையாளம் கண்டிருப்பார்? ஆண்டுதோறும் பாஸ்கா திரியில் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிக்கிறோம். மகிமையின் விளக்கில் காயங்களின் குறி. உயிர்ப்பு என்பது காயத்தைத் துடைத்த படமாக நமக்குத் தரப்படவில்லை.

முப்பது ஆண்டுகளாக ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கிறோம். திருத்திய படங்களோடு வருவோர் பலர். மேகத்தைச் சேர்த்திருப்பார்கள், தாங்கள் காயப்படுத்திய ஆளை நீக்கியிருப்பார்கள். ஆனால் நிழல் ஒன்று எங்கேனும் தப்பி நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அருள் உள்ளே நுழைகிறது.

பிறரைச் சொல்லும் முன் நம்மைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பங்கின் விழா மலருக்காக ஆலயத்தைப் படமெடுத்தோம். வாயிலருகே நாள்தோறும் அமர்ந்து கையேந்தும் முதியவர் ஒருவர் படத்தில் விழுந்திருந்தார். அவரை எடுத்துவிடுமாறு அச்சகத்தில் சொன்னவர் நாமே. மலர் அழகாக வந்தது, பலர் பாராட்டினர். அம்முதியவர் இப்போது உயிரோடு இல்லை. அடக்கத்தன்று அவருடைய படம் ஒன்றைத் தேடினோம்; எவரிடமும் இல்லை. இருந்த ஒன்றையும் நாம் அழித்திருந்தோம். களையை யார் பறித்தது என்று அந்தப் பெண் கேட்டபோது நாம் வாயடைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு

எனவே இளைஞர்களிடம் மூன்று சொற்களில் நம் தீர்ப்பைக் கூறினோம்: துலக்குங்கள், திணிக்காதீர்கள், துடைக்காதீர்கள். சாய்ந்த அடிவானத்தை நேராக்கலாம். மங்கிய ஒளியைக் கண் கண்ட அளவுக்கு உயர்த்தலாம். லென்ஸில் படிந்த தூசியை நீக்கலாம். தேவைக்கு மிஞ்சிய ஓரத்தை வெட்டலாம்; ஆனால் வெட்டுவது உண்மையை மறைப்பதற்காக இருக்கக்கூடாது. இல்லாததைச் சேர்க்கவும், இருந்ததை அழிக்கவும், ஓரிடத்ததை மற்றோரிடத்தில் நடவும் வேண்டாம். செய்தே தீரவேண்டுமானால் செய்ததை அடியில் எழுதுங்கள். திருமணப் பேச்சுக்காகப் பெண்ணின் நிறத்தை வெளுப்பாக்கும் 'டச்சிங்' வேலைக்கும் இதே அளவுகோலைக் கொள்ளுமாறு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

அட்டைக்கு மூலப்படமே போகிறது. அடிவானம் நேராக்கப்பட்டது, ஒளி சிறிது கூட்டப்பட்டது. அடியில் 'பிசான வயலில் களை பறிப்பு, நெல்லைக் கால்வாய்க் கரை' என்று எழுதச் சொன்னோம். திருத்திய மூவரும் முதலில் முகம் வாடினர். பிறகு அந்தப் பெண்ணின் கேள்வியைச் சொன்னபோது தலையசைத்தனர். அவர் தமக்கும் தோழியர் இருவருக்குமாக மூன்று நாட்காட்டிகள் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.

நேற்று அச்சகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். முன்புறத்தில் தெரியும் குப்பையை மட்டுமாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். முதலில் கால்வாயிலிருந்து எடுப்போம், பிறகு வேறு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தோம். அதற்காக இளைஞர்கள் ஒரு சனிக்கிழமையைக் குறித்திருக்கிறார்கள். வர விரும்பும் அன்பர்கள் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வரலாம்.